முருங்கைக்கு ஒரு துணித்தொட்டி

போர்வை மாதிரிதான் இருக்கு. ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, சாம்பல் கலர்ல, கையில பட்டா சொரசொரன்னு, அந்தப் போர்வையைச் சட்டி மாதிரி வளைச்சுத் தைச்சு ரெண்டு பக்கமும் காது வச்சுட்டா துணித்தொட்டி. அம்புட்டுதான் சமாச்சாரம். பத்து நிமிஷமா இதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். மத்த நாளா இருந்தா வாசல்ல காலை வைக்கும்போதே சத்தம் குடுத்திருப்பேன், பதினஞ்சு இஞ்சுல பத்து எடுங்க, கீரைக்கு அகலமா நாலு எடுங்க, வெயில் ஏறுதுல்ல, சட்டுன்னு கட்டுங்கன்னு. கடைக்காரரும் வாங்க பிலோமினாம்மான்னு ஸ்டூலை இழுத்துப் போட்டிருப்பார். இன்னிக்கும் இழுத்துப் போட்டார், நான்தான் உக்காரல. உக்காந்தா கேப்பார், என்ன செடிக்கும்மான்னு. கேட்டா முருங்கைக்குன்னு சொல்லணும். முருங்கைங்கற வார்த்தையை மூணு மாசமா நான் வாய்விட்டுச் சொல்லல. பறிச்சுக் குடுக்கும்போதுகூட "இந்தா கீரை"ன்னுதான் குடுக்கறது. நின்னா மட்டும் விட்டுருவாரா, கேட்டுட்டார். "என்ன செடிக்கும்மா?" "பெரிய செடிக்கு"ன்னேன். அடியே பிலோமினா, உனக்கே சிரிப்பு வரல? உறையூர் மாடித்தோட்டக் குழுவுக்கு அட்மின், ரெண்டாம் சனிக்கிழமையானா மொட்டை மாடியில பாய் விரிச்சு இருபது பேருக்கு வகுப்பு எடுக்கறவ, செடி பேரைக் கேட்டா பெரிய செடிங்கறா. கடைக்காரர் மரியாதைக்காரர், சிரிக்கல. "மரம் மாதிரி வர்றதுன்னா இருவத்தி நாலு இஞ்சு எடுங்க. துணி கனமா இருக்கணும், இந்த மெல்லிசு வேணாம், ரெண்டு கோடையில நைஞ்சுரும். இத்தனை நாளா பிளாஸ்டிக் பையிலயா வச்சிருந்தீங்க?" தலையை ஆட்டினேன். "அதுல என்ன ஆகும்னா, வேரு சுவத்துல முட்டி உள்ளுக்குள்ளயே சுத்தும்மா. சுத்திச் சுத்திப் பார்க்கும். வழி கிடைக்கலன்னா அடியில தண்ணி போக ஓட்டை போட்டிருக்கோம்ல, அது வழியா எறங்கிடும். இதுல அந்த வம்பே இல்ல. துணியைத் தொட்டதும் காத்து படும், நுனி காஞ்சு அங்கயே நின்னுடும், பக்கத்துல புது வேரு விடும். வெளிய போகாது." எனக்கே பாடம் எடுக்கறார். இதையெல்லாம் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எறங்கிடும்கறார். எறங்குச்சு. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், நட்சத்திர விளக்குக் கட்ட மூங்கில் நடணும், முருங்கைப் பையைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளலாம்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். அசையல. மண்ணு கனம்னு நினைச்சு முட்டியைக் குடுத்து நெட்டினேன். படக்குன்னு ஒரு சத்தம். எலும்பு முறிஞ்ச மாதிரி, நம்ம எலும்புதானோன்னு முழங்காலைத் தடவிப் பார்த்தேன். அப்புறம் பையைச் சாய்ச்சுப் பார்த்தா, கட்டை விரல் மொத்தத்துல வேரு, வெள்ளை வெளேர்னு, முறிஞ்ச இடத்துல முள்ளங்கி வாசம். பை ஓட்டை வழியா எறங்கி, தளத்துல பாவின தட்டோட்டு இடுக்குல புகுந்து, ஒரு தட்டோட்டைப் பேத்துத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கு. அந்த இடுக்குல விரலை விட்டேன். ரெண்டு கணு உள்ள போச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு. அதுக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு என் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். மருதமுத்து ஐயா கட்டில். நாங்க நாலே வீடு, கீழ ரெண்டு, மேல ரெண்டு. மேல எதிரும் புதிருமா நானும் தேன்மொழியும். மாடி பொதுதான், ஆனா என் வீட்டுக்கு மேல தண்ணி டேங்க் நிழல், அவ வீட்டுக்கு மேலதான் காலை வெயில். அதனால என் தோட்டம் மொத்தமும் அவ தலை மேல. "வைங்கக்கா, எங்களுக்கும் குளுகுளுன்னு இருக்கும்"னு அவளேதான் சொன்னா, பாவி மக. அவங்கப்பாதான் மருதமுத்து ஐயா. பஸ் கண்டக்டரா இருந்தவர், ரெண்டு வருஷமா இடது பக்கம் கையும் காலும் விளங்கல, மல்லாக்கப் படுத்தே கிடக்கார். நான் என்ன செஞ்சேன்? போய்ச் சொன்னேனா? கத்திரியை எடுத்து வெளிய நீட்டிக்கிட்டிருந்த வேரை மட்டும் நறுக்கினேன். பேத்துக்கிட்ட தட்டோட்டைக் காலால மிதிச்சு அமுக்கினேன். பையை அதே இடத்துல, அதே ஈரத்து மேல, அச்சுப் பிசகாம திரும்ப வச்சேன். அதுக்குப் பக்கத்துலயே மூங்கில் நட்டு நட்சத்திரமும் கட்டினேன். தேன்மொழி அண்ணாந்து பார்த்துட்டு எவ்வளவு அழகா இருக்குக்கான்னா.

"தண்ணி ஊத்திக் காட்டவாம்மா?"ங்கறார். வேணாம்னு சொல்றதுக்குள்ள குவளையை எடுத்துட்டார். சாமி, இவருக்கு வேற வேலையே இல்லையா. மண்ணு ரொப்பி மாதிரிக்கு வச்சிருந்த தொட்டி ஒண்ணு கல்லா பக்கத்துல இருக்கு, அதுல ஊத்தறார். அவர் குனிஞ்சு பார்க்கற மாதிரியே நானும் பார்க்கறேன். தண்ணி உள்ள போச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் துணி கறுத்துச்சு, அடியிலேருந்து மேல, வேர்வை மாதிரி. எனக்கு அந்த வாத்து ஞாபகம் வந்துடுச்சு. வராம இருக்குமா. தீபாவளி மழைக்குத்தான் ஐயா ரூம்ல சீலிங்ல முதமுதல்ல ஈரம் பூத்துச்சு. அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார், "பிலோமினாம்மா, இங்க பாரு, என் வீட்ல வாத்து"ன்னு. வாத்தேதான். மூக்கு, கழுத்து, பின்னால புடைச்ச வயிறு. நானும் தேன்மொழியும் சிரிச்சோம். அப்ப எனக்கு நிஜமாவே தெரியாது, மாதா சாட்சி. டேங்க் பைப்பு ஒழுகும்னு சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். தோட்டக்காரி சொன்னா நாலு வீடும் கேட்டுக்கும். பிளம்பர் சவரிமுத்துவைக் கூப்பிட்டாங்க, பைப்பை மாத்தினான். மழை நின்னுச்சு. வாத்து காயல. கொழுத்துச்சு, காலு முளைச்சுச்சு, இறக்கை விரிச்சுச்சு. மழையே இல்லாம ஊறுதுன்னா பைப்பைத் தவிர வேற என்ன, சவரி சரியா இறுக்கலன்னு சொன்னது யாரு? நான்தான். எப்ப சொன்னேன்? வேரைப் பார்க்கறதுக்கு முன்னாலயா, பார்த்தப்புறமா? தினம் வந்து வந்து இந்த இடத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கறேன். முன்னாலன்னா தெரியாம சொன்னது, யாரும் சொல்லக்கூடியது. பின்னாலன்னா? பின்னாலதான். எனக்குத் தெரியாதா. பொங்கல் கழிச்சு, மாடிப்படியில, கையில பூவாளியை வச்சுக்கிட்டு. பூவாளியில தண்ணி இருந்துச்சு. எதுக்கு? அந்த முருங்கைக்கு ஊத்தத்தான். மூணு தடவை வந்து பைப்பைப் பிரிச்சு மாட்டினான் சவரி. முத தடவை எனக்குத் தெரியாது. மத்த ரெண்டு தடவையும் நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். "எனக்கே புரியலம்மா, நல்லாத்தானே சுத்திப் போட்டேன்"னு தலையைச் சொறிஞ்சான். அவனுக்குத் தன் கை மேலயே சந்தேகம் வந்துடுச்சு. இப்ப எங்க நாலு வீட்ல எது ரிப்பேருன்னாலும் வேற ஆளைத்தான் கூப்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில எனக்கு ரெண்டு வரிசை முன்னாலதான் உக்காருவான். ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கற நேரம் வந்தா திரும்பி, பக்கத்துல இருக்கறவங்களை விட்டுட்டு, முதல்ல என்னைப் பார்த்துத்தான் கும்பிடுவான். நானும் கும்பிடுவேன்.

"பாருங்க, நாலு பக்கமும் கசியும். அதனாலதான் செடி அழுகாது"ங்கறார் கடைக்காரர். தொட்டியைச் சுத்தித் தண்ணி எறங்கி சிமெண்டுத் தரையில பரவுது. நான் காலைப் பின்னால இழுத்துக்கிட்டேன். "நல்லது சொன்னா கெட்டதும் சொல்லணும்ல. இதை வெறும் தளத்துல வைக்கவே கூடாதும்மா. இரும்பு ஸ்டாண்டுல ஒரு சாண் ஒசரத்துல வைங்க. தளத்துல ஈரம் நிக்கக்கூடாது. மாடிக்குக் கீழ யாராச்சும் குடியிருக்காங்களா?" இருக்காங்கன்னேன். "அப்ப தளத்துல விரிசல் கிரிசல் இருக்கான்னு முதல்ல பாருங்க. அதை விட்டுட்டு எந்தத் தொட்டி வாங்கினாலும் புண்ணியமில்ல. தொட்டி விரிசலை அடைக்காது." இவருக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்களோ? முகத்தைப் பார்த்தேன். சாதாரணமா மூக்கைத் துடைச்சுக்கிட்டு நிக்கறார். யாரும் சொல்லல. எனக்குத்தான் இப்பல்லாம் தெருவுல எவளாச்சும் ரெண்டு பேரு பேசிக்கிட்டு நின்னா காது நீண்டுடுது. சரி, நான் போட்டு வச்ச திட்டம் என்ன? கேக்கறதுக்கு ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு நேத்து. துணித்தொட்டி வாங்கறது, முருங்கையை அதுல மாத்தறது, ஸ்டாண்டுல ஏத்தி வைக்கறது, அந்த இடுக்குல நானே சிமெண்டைக் குழைச்சு அடைக்கறது. தேன்மொழி ரேஷனுக்குப் போற நேரமாப் பார்த்து. வாத்து தானா காயும். பைப்பு சரியாயிடுச்சு போலன்னு சொல்லிக்குவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். போன வெள்ளிக்கிழமை, தவக்காலமாச்சேன்னு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமைப்பட்டேன் சாமி, சிடுசிடுன்னு பேசினேன், சில பொய் சொன்னேன். சில பொய்யாம்! என்ன பொய்னு சாமியார் கேக்கல, பின்னால வரிசை நீளம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனா? பரிகாரமா மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் அஞ்சு சொன்னேன். கூட ரெண்டு எதுக்குன்னு அவருக்கும் தெரியாது, பக்கத்துல முட்டி போட்டவங்களுக்கும் தெரியாது.

"அக்கா! நீங்களும் வந்திருக்கீங்களா!" யார்றா இது. ஹேமாவதி. நம்ம குழுவுல புதுசாச் சேர்ந்த பொண்ணு, கையில கூடை, வாயெல்லாம் பல்லு. வந்து சேர்ந்தா பாரு இந்த நேரத்துல. "எனக்கு எதை எடுக்கறதுன்னே தெரியலக்கா, நீங்க எதை எடுக்கறீங்களோ அதையே நானும் எடுத்துக்கறேன்." போன தை மாசம் வகுப்புல இவளைத்தான் எல்லார் முன்னாலயும் வாங்கு வாங்குன்னு வாங்கினேன். கறிவேப்பிலையை வாளியில நட்டு, அடியில செங்கல்கூட வைக்காம வெறும் தரையில வச்சிருந்தா, போட்டோ காட்டினா. வேரு எங்க போகுதுன்னு பார்க்கத் தெரியாதவ எதுக்கும்மா செடி வளர்க்கறன்னு கேட்டேன். மொகம் சுண்டிப் போச்சு அந்தப் புள்ளைக்கு. தையில. கிறிஸ்மஸ் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. அவ உக்காந்திருந்த பாய்லேருந்து நாலு எட்டுல அந்த முருங்கைப் பை. அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் நான் பேசினேன். முருங்கையை மாடியில வைக்காதீங்கன்னு குழுவுல அத்தனை பேரும் சொன்னப்ப, ஒடிச்சு வளர்த்தா முருங்கை சொன்னபடி கேக்கும், எல்லாம் வளர்க்கறவ கையிலதான் இருக்குன்னு மெசேஜ் போட்டவ நான். முத காய் காய்ச்சதும் அதைக் கையில பிடிச்சு, என் வீட்டுக்காரர் தவறினப்புறம் முதமுதலா பவுடர் போட்டுக்கிட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். எழுபது பேரு கை தட்டிப் போட்டாங்க. சொல்றதுக்குத் தைரியம் இல்லங்கறதெல்லாம் சும்மா. அந்த எழுபது கைதட்டுதான். அதுக்காகத்தான் ஒரு கிழவனைக் கட்டிலோட ஈரத்துல போட்டேன். "பெரிசுதான் எடுக்கறீங்களாக்கா?"ன்னு ஹேமாவதி அந்த இருவத்தி நாலு இஞ்சுத் தொட்டியைத் தூக்கிப் பார்க்கறா. "எடு எடு, நல்லது"ன்னேன். தரையில தண்ணி அவ செருப்புப் பக்கம் வந்துடுச்சு. மூக்கு ஒண்ணு முளைச்சிருக்கு அதுக்கு. நான் பார்க்கல. பார்க்க மாட்டேன். மேல ஓடற ஃபேனைப் பார்த்தேன். சீலிங்கைப் பார்க்கவும் பயமா இருக்கு இப்பல்லாம்.

முந்தாநாள் சாயங்காலம் தேன்மொழி வந்து கதவைத் தட்டினா. அவ மொகம் சரியில்ல. வாங்கக்கான்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. சீலிங்ல வாத்து வயிறு இருந்த இடத்துல கம்பி தெரியுது. துருப்பிடிச்ச கம்பி. கட்டில் மேல, போர்வை மேல, சோத்துத் தட்டு அளவுக்குப் பூச்சு பேந்து விழுந்து கிடக்கு. ஐயா அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கார். எப்ப விழுந்துச்சுன்னே அவருக்குத் தெரியல, கண்ணசந்துட்டாராம். தேன்மொழி போர்வையை விலக்கினப்பதான் பார்த்தோம், இடது கெண்டைக்கால்ல கிழிஞ்சு, ரத்தம் விரிப்புல ஊறி, அது காஞ்சும் போயிருந்துச்சு. எவ்வளவு நேரமோ. வலிக்கல அவருக்கு. அந்தப் பக்கம்தான் ஒண்ணும் தெரியாதே. "நல்லவேளை பிலோமினாம்மா, உசிரில்லாத காலு மேல விழுந்துச்சு. உசிருள்ள காலா இருந்தா கத்தியிருப்பேன்"னு சொல்லிட்டுச் சிரிக்கறார். சிரிக்கறார் மனுசன். தேன்மொழி மஞ்சளும் பஞ்சும் எடுக்க ஓடினா. நான் அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சில்லுன்னு இருந்துச்சு, நான் விரலை விட்ட அந்த இடுக்கு மாதிரியே. அப்பவாவது சொன்னேனா? கொத்தனாரை வரச் சொல்லு தேன்மொழின்னு சொன்னேன். அதோட வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நாலு அடி தள்ளி விழுந்திருந்தா தலை. நாலே அடி. முந்தாநாள்லேருந்து சோறு எறங்கல, ஆனா நேத்துக் காலையில வழக்கம்போல கீரை பறிச்சுக் குடுத்தேன். அவர் அதைத்தான் ஆசையாத் தின்னறார். நான் பறிச்சுக் குடுக்கறேன். என்ன பொம்பளை நான்.

போன் அடிக்குது. தேன்மொழி. எடுக்காம விட்டுடலாமா? ஹேமாவதி பார்த்துக்கிட்டிருக்கா, எடுத்தேன். "அக்கா, கடையிலதான் இருக்கீங்களா? அப்பாவுக்கும் சின்னதா ஒரு தொட்டி எடுத்துட்டு வாங்கக்கா, ஜன்னல்கிட்ட வச்சிடறேன். எந்நேரமும் மேலயே பார்த்துக்கிட்டுக் கிடக்கார். பக்கத்துல பச்சையா எதாச்சும் இருந்தா இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்ல." சரிம்மான்னேன். "கசியாதுல்லக்கா? கட்டில் பக்கம் வைக்கறது." தட்டு வச்சுக்கலாம்மான்னேன். "கொத்தனார் இப்பதான் வந்து பார்த்துட்டுப் போனார். நாளைக்குக் கீழேருந்தே பூசிடறேன்னார். மேல ஏறிப் பார்க்கணும், பையெல்லாம் நகட்டணும்னு சொன்னார், நான்தான் வேணாம்னுட்டேன். அக்கா பிள்ளை மாதிரி வளர்க்கறாங்க, பூ விட்ட நேரத்துல அசைச்சா எல்லாம் கொட்டிடும்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்." அது நான் சொன்னது. போன மாசம் துணி காயப்போட வந்தவ முருங்கைப் பையை ஒதுக்கப் போனப்ப ஓடி வந்து சொன்னேன், அசைக்காதேம்மா, பூ கொட்டிடும்னு. என் பொய்யை அவ பத்திரமா வச்சிருந்து எனக்காகவே ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கா. "இருங்கக்கா, அப்பா பேசணுமாம், ஸ்பீக்கர்ல போடறேன்."

"பிலோமினாம்மா! வாத்து முட்டை போட்டுருச்சு பார்த்தியா!" கண்டக்டர் குரல், கடை முழுக்கக் கேக்குது. ஹேமாவதி சிரிக்கறா. "எனக்குக் கத்திரிச் செடி வேணும், சொல்லிட்டேன். அப்புறம் இன்னொண்ணு. நாளைக்குப் பூசறதுக்கு முன்னால அந்தச் சவரிப்பயலை வரச் சொல்லணும். டேய், மூணு தடவை மாட்டியும் ஒழுங்கா மாட்டத் தெரியலையே, உன்னாலதான்டா என் காலு கிழிஞ்சுச்சுன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். உங்க கோயில் ஆளுதானே, நீயே சொல்லிக் கூட்டிட்டு வா." சரிங்கய்யான்னு சொல்லணும். நாக்கு நுனிவரைக்கும் வந்துடுச்சு. சவரி வருவான். வந்து கட்டில் பக்கத்துல நின்னு அந்தக் காலைப் பார்ப்பான். பார்த்துட்டுத் தலையைச் சொறிவான். மன்னிச்சுக்குங்க ஐயான்னு சொன்னாலும் சொல்லுவான், சொல்லக்கூடியவன்தான் அவன். ஞாயித்துக்கிழமை திரும்பி என்னைக் கும்பிடுவான். "ஐயா"ன்னேன். "அது பைப்பு இல்லைங்கய்யா." மெதுவாத்தான் சொன்னேன். ஹேமாவதிக்குக் கேக்காம, கடைக்காரருக்குக் கேக்காம, சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டு. "என்னது? கேக்கல தாயி. இருபத்தெட்டு வருஷம் எஞ்சின் பக்கத்துல நின்ன காது. சத்தமாச் சொல்லு." "முருங்கை வேருங்கய்யா." "என்ன கீரையா? சத்தமா!" மூணு மாசமா தொண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்தது. "முருங்கை வேருங்கய்யா! என் முருங்கை வேருதான் உங்க கூரையைப் பேத்துச்சு! பைப்பு இல்ல! சவரி மேல தப்பு இல்ல! எனக்குத் தெரியும்! கிறிஸ்மஸ்லேருந்து எனக்குத் தெரியும், தெரிஞ்சே மூடி வச்சேன்!"

கடையில ஃபேன் ஓடுது. போன்லயும் ஒரு ஃபேன் ஓடற சத்தம் கேக்குது, ஐயா தலைக்கு மேல ஓடற அதே ஃபேன், கொஞ்சம் ஆடும் அது. வெச்சுட்டாங்களோன்னு பார்த்தேன், வைக்கல. அப்புறம் ஐயா பேசினார். அந்த மனுசன் மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல. "அப்ப சவரி ஒழுங்காத்தான் மாட்டியிருக்கான்." என்கிட்ட சொல்லல அதை. அவரே அவருக்குச் சொல்லிக்கிட்டார். ஸ்பீக்கரை அமத்தற சத்தம், தேன்மொழி மூச்சு கிட்டத்துல கேட்டுச்சு. திட்டு தாயி, நல்லா நாலு கேளு, காது குடுத்து நிக்கறேன். திட்டல. "கொத்தனாரைத் திரும்ப வரச் சொல்றேன். வாங்க. வந்து நீங்களே நகட்டிக் காட்டுங்க"ன்னா. வச்சுட்டா. வாங்கன்னா. வாங்கக்கான்னு சொல்லல. ஏழு வருஷத்துல அக்காங்கற வார்த்தை இல்லாம அவ என்கிட்ட ஒரு பேச்சு பேசினதில்ல, கோபத்துலகூட, அவங்கம்மா செத்த அன்னிக்குக்கூட என்னைக் கட்டிக்கிட்டு அக்கா அக்கான்னுதான் அழுதா.

போனைப் பைக்குள்ள வைக்க முடியல, ஜிப்பு எங்க இருக்குன்னு தெரியல. ஹேமாவதி கையில இருந்த பெரிய தொட்டியைச் சத்தமில்லாம திரும்ப அடுக்குல வச்சா. கடைக்காரர் சாக்குத் துணியைப் போட்டுத் தரையைத் துடைச்சுக்கிட்டே, என் மொகத்தைப் பார்க்காம கேட்டார். "பெரிய தொட்டி எத்தனை எடுக்கட்டும்மா?" "பெரிசு வேணாங்க. முருங்கையை வெட்டிடப் போறேன்." முருங்கைன்னு சொல்லிட்டேன், வந்துடுச்சு வாயில. "சின்னது ஒண்ணு போதும். கத்திரிச் செடிக்கு. ஜன்னல்ல வைக்கறது, அடியில வைக்கத் தட்டும் குடுங்க." ஒரு தட்டு எடுத்தார், விளிம்பு சின்னதா இருந்துச்சு. இன்னும் ஆழமா இருக்கான்னு கேட்டேன். உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்தார். ஹேமாவதி நான் போறதுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னா. வாசல்ல ஆட்டோ இருந்துச்சு. வீட்டுக்குத்தானேம்மான்னு ஆட்டோக்காரர் கேட்டார். ஆமான்னு ஏறி உக்காந்து தொட்டியை மடியில வச்சுக்கிட்டேன். கொஞ்ச தூரம் போனதும், கோயிலுக்குப் பின்னால இருக்கற சந்துல ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு சொன்னேன். சவரி வீடு அங்கதான்.